கொக்குக் கை

"மகத்தயா கெஹுவத?" என்று நர்ஸ் கேட்டாள். புருஷன் அடித்தானா என்று கேட்கிறாள். கேட்டுக்கொண்டே தர்மிளாவின் வலது கையைச் சுற்றியிருந்த துணியோடு தூக்கி மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டு அதன் இடத்தில் இல்லை. கொஞ்சம் மேலே ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது.

தர்மிளாவுக்குச் சிங்களம் தமிழைப் போலவே வரும். சந்தையில் பேரம் பேசுவாள், பஸ்ஸில் சண்டை போடுவாள். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு வாய் எழவில்லை. ஆமென்றால் ஒரு அர்த்தம். இல்லையென்றால் அதைவிட மோசமான அர்த்தம். கடைசியில் நடந்ததையே சொன்னாள். அடித்தது அவர்தான், ஆனால் தெரிந்து அடிக்கவில்லை. அவர் வீட்டில் சீனச் சண்டை பழகுகிறார். நான் பின்னாலிருந்து தோளைத் தொட்டேன். கை தானாக வந்துவிட்டது.

நர்ஸ் பக்கத்தில் பஞ்சு கிழித்துக்கொண்டிருந்த இன்னொருத்தியை ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கேலி இருந்திருந்தால் தர்மிளா தாங்கியிருப்பாள். இருந்தது இரக்கம்.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மாக்கட்டுப் போட்டு, வார்டுக்கு அனுப்புமுன், ஆஸ்பத்திரியில் இருந்த பொலிஸ் சார்ஜன்ட் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரிடமும் அதையே சொன்னாள். அவர் பேனையை நிறுத்திவிட்டு, "சீன சட்டன்?" என்றார். பிறகு வாயை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு எழுதினார். "அக்கே, பயப்படாமச் சொல்லுங்க. அவன் வெளியேதான் இருக்கான், உள்ளே வரமாட்டான்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

அவன் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். சார்ஜன்ட் கேட்டபோது யோகராஜ் எழுந்து நின்று, "ஒவ். மம தமய் கெஹுவே" என்றான். ஆமாம், நான்தான் அடித்தேன். அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. கதவு திறந்திருந்ததால் தர்மிளாவுக்கு எல்லாம் கேட்டது. சொல்லுங்களேன், பழகுறதைப் பத்திச் சொல்லுங்களேன் என்று உள்ளுக்குள் கத்தினாள். அவன் சொல்லவில்லை. சார்ஜன்டோடு ஜீப்பில் ஏறிப் போனான். மறுநாள் நீதவான் முன்னால் நிறுத்தி, பிணையில் விட்டார்கள்.

யோகராஜ் அடிக்கிற ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தர்மிளாவுக்கு அவனிடம் இருந்த குறையே, எதற்கும் கோபப்படமாட்டான் என்பதுதான். நிவித்திகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், லயம் என்கிற வரிசை வீடுகளில் அவர்களுக்கு ஒரு காம்பரா. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, நடுவில் அந்த ஒற்றை அறை, பின்னால் சமையல் இடம், அதற்குப் பின்னால் துணி காயப்போடுகிற கோடி. அவள் கொழுந்து எடுக்கப் போனாள். அவன் த்ரீவீல் ஓட்டினான். மகள் ஷாமிளா டிவிசன் பள்ளிக்கூடத்தில் படித்தாள்.

சந்தியில் த்ரீவீல்கள் வரிசையில் நிற்கிற பார்க்கில் அவன் ஒருத்தன்தான் தமிழன். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மற்ற டிரைவர்களோடு சேர்ந்து தேத்தண்ணி குடித்தான், அவர்கள் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போனான். சமிந்த என்ற ஒருத்தன் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்து, இவர்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து வடை தின்றவன். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு மாலை, வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி வலியோடு சந்தியில் நின்றாள். முறை வேறு ஒருத்தனுடையது. அவன் சாப்பிடப் போயிருந்தான். யோகராஜ் அவளை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தான். திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கினபோது பின்னாலிருந்து விழுந்தது அடி. ஹெல்மெட்டால் பிடரியில். அவன் குப்புற விழுந்தபிறகு காலால். திரும்பிப் பார்க்க முடிந்தபோது அவன் கண்ட முகங்களில் ஒன்று சமிந்தவுடையது.

பொலிஸில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு வைத்து, "ஒரே பார்க்கில ஓடுற ஆளுக, ஷேப் பண்ணிக்கொண்டு சமாதானமாப் போங்க" என்றார்கள். யோகராஜ் தலையை ஆட்டிவிட்டு வந்தான். அதன்பிறகு அவன் சந்தியில் நிற்கவில்லை. தோட்டத்து ஆட்களை மட்டும் ஏற்றி இறக்கினான். வருமானம் இறங்கியதைவிட, அவன் தூக்கம் போனதுதான் தர்மிளாவுக்குத் தாங்கவில்லை. தகரக் கூரையில் ஒரு பலாப்பிஞ்சு விழுந்தால் எழும்பி உட்கார்ந்துவிடுவான். கோயிலில் சாமி கும்பிடும்போதுகூடச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். சாயங்காலமானால் போத்தல் வாங்கப் போனான்.

அப்போதுதான் இருளப்பன் மலேசியாவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். அதே லயத்துப் பையன், ஈப்போ பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனவன். அங்கே ஒரு சீனப் பெண் வெள்ளைக் கொக்கு என்கிற பழைய சண்டை முறையைச் சொல்லிக்கொடுக்கிறாள். கொக்கு முறை பல இடத்தில் உண்டு, ஆனால் இது அவர்கள் வீட்டோடு வந்த கிளை, வெளியே தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்று இருளப்பன் சொன்னான். பெரிய இடம் தேவையில்லை. உதை, பாய்ச்சல் எதுவும் இல்லை. இரண்டு பேர் நிற்கிற இடுக்கில் நின்றுகொண்டு, ஆள் நெருங்கி வரும்போது கையாலேயே முடிக்கிற முறை. யோகராஜ் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் சியூ லான். அவள் தமிழ் பேசியது இவர்களுக்குப் பெரிய அதிசயம். அவளுடைய அப்பா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். "என்னா அண்ணே, கால உள்ளுக்கு மடக்குங்க. ஒங்க காலு பஸ்ஸுக்கு நிக்கிற காலு மாதிரி இருக்கு" என்று வட்ஸ்அப்பில் அவள் குரல் வரும்போது, ஷாமிளா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

விடியுமுன் எழும்பி, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த இடத்தில் நின்று பழகினான். முதலில் நிற்க மட்டும். கால் பெருவிரல்கள் உள்ளே திரும்ப, முழங்கால் மடிந்து, முதுகு நேராக. பிறகு கை. ஐந்து விரலையும் கூட்டிக் கொக்கின் அலகு போல் வைத்துக்கொண்டு, மணிக்கட்டை உதறி இறக்கவேண்டும். தோளை இறுக்கக் கூடாது. ஈரக் கொக்கு சிறகைச் சிலிர்ப்பதுபோல, உடம்பின் நடுக்கம் முழுக்க விரல்நுனிக்கு வரவேண்டும். கோடியில் ஒரு உரமூட்டைப் பையில் மணலை நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டான். பக்கத்துக் காம்பரா அழகம்மா காலையில் தண்ணீர் எடுக்கும்போது, "என்னா, ஒங்க வீட்டுல மாவு இடிக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

தர்மிளாவுக்குச் சந்தோஷம்தான். போத்தல் நின்றது. ராத்திரி தூங்கினான். சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒருநாள் ஷாமிளாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லயத்தின் முனைவரை நடந்தான். அழகம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "பழகட்டும் அக்கா, குடிக்கிறத விட இது நல்லதுதானே" என்றாள் தர்மிளா.

ஆனால் பயம் போகவில்லை. அது இடம் மாறியிருந்தது என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் சத்தம் கேட்டால் உடம்பு குலுங்கும். இப்போது உடம்பு அசையாது, கைதான் எழும்பும். ஒருநாள் ஷாமிளா புத்தகப்பையைப் பின்னாலிருந்து பொத்தென்று போட்டபோது அவன் கை அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. அவன் சிரித்தான். பிள்ளையும் சிரித்தாள். அதற்குப் பிறகு பள்ளிவிட்டு வந்தால் அவள் இஸ்தோப்பிலேயே நின்று, "அப்பா, நான் வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். தர்மிளா சமையல் இடத்திலிருந்து வரும்போது கரண்டியால் எதையாவது தட்டிக்கொண்டு வந்தாள். இதைப்பற்றி வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. எப்போது தொடங்கியது என்றும் தெரியாது.

சியூ லான் ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்வாள். "அண்ணே, தனியா பழகுனா பாதிதான் வரும். ஒரு ஆளப் பிடிங்க. கையும் கையும் ஒட்டி வைச்சுப் பழகணும்." யோகராஜ், "சரி டீச்சர்" என்பான். அவன் யாரையும் கூப்பிடவில்லை. லயத்து ஆம்பிளைகள் சிரிப்பார்கள். பெண்டாட்டியிடம் கேட்க வெட்கம். ஆகவே அடிக்கிற பாதியை மட்டும் பழகிக்கொண்டே போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. சத்தம் கேட்டது. தர்மிளா கோடிக்கு ஓடி, காயப்போட்ட துணியையெல்லாம் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். யோகராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பழகிக்கொண்டிருந்தான். காதில் இயர்போன். கூரை ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைக்கவேண்டும், அது அவன் காலடியில் இருந்தது. அவளுக்குக் கையில் கரண்டி இல்லை, அவசரத்தில் குரல் கொடுக்கவும் தோன்றவில்லை. "ஏங்க, அந்த வாளிய..." என்று தோளைத் தொட்டாள்.

அவன் திரும்பியதை அவள் பார்க்கவில்லை. மணிக்கட்டில் ஏதோ விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். அடுத்த கை நெஞ்சில் வந்து, துணியோடு சேர்த்து அவளை அலமாரியில் கொண்டுபோய்ச் சாத்தியது.

வலி பிறகுதான் வந்தது. அதற்குமுன் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதுதான் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. திருப்தி இருந்தது. நீண்ட நாள் மூடியிருந்த ஒன்றைத் திறந்துவிட்டவன் முகம். பிறகு அது கலைந்து, "ஐயோ, தர்மி" என்று அவன் கீழே உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு லயம் முழுக்க ஒரே பேச்சு. யோகராஜ் பிணையில் வந்து காம்பராவுக்குள்ளேயே இருந்தான். அழகம்மா சோறு கொண்டுவந்தவள், அவன் பின்பக்கம் போனதும் தர்மிளா பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுபது வயதுக்காரி. ஒரு காது கேட்காது.

"உள்ளதச் சொல்லு புள்ள. என்னாத்துக்கு அடிச்சான்?"

"அடிக்கல அக்கா. பழகுறப்ப பட்டுருச்சு."

அழகம்மா சோற்றை மூடினாள். "இந்தக் காது எப்படிப் போச்சுன்னு நெனைக்கிற? தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன். டாக்டர் கிட்டச் சொன்னேன், கங்காணி கிட்டச் சொன்னேன், எங்க ஆத்தா கிட்டயும் சொன்னேன். நான் பீலியச் சொன்னேன், நீ சீனாவச் சொல்ற. அவ்வளவுதான் வித்தியாசம்."

தர்மிளாவுக்கு ஆத்திரமாக வந்தது. தன் புருஷனை அப்படிப்பட்டவர்களோடு சேர்க்கிறாளே என்று. ஆனால் அழகம்மா போன பிறகு அந்த ஆத்திரம் நிற்கவில்லை. அந்த முகம் திரும்ப வந்தது. தெரியாமல் அடித்த ஆளுக்கு எதற்குத் திருப்தி?

அவள் தம்பி பிரதீபன் கித்துல்கலையில் ஆற்றில் படகு விடுகிறவன். வெள்ளைக்காரர்களைக் காற்று அடைத்த ரப்பர் படகில் ஏற்றிக் களனி கங்கையில் பாறைக்கு நடுவே கொண்டுபோகிற வேலை. செய்தி கேட்டதும் வந்துவிட்டான். இஸ்தோப்பில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "அக்கா, சாமானக் கட்டு. புள்ளயோட புத்தகத்தையும் எடு" என்றான். யோகராஜ் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தான். எழும்பவில்லை. "போயிட்டு வா தர்மி" என்று மட்டும் சொன்னான்.

கித்துல்கலையில் பிரதீபனின் வாடகை வீடு ஆற்றுக்கு மேலே. நாள் முழுக்கத் தண்ணீர் இரைச்சல். யாராவது பின்னால் வந்தால் கேட்காது. முதல் வாரம் தர்மிளா இடது கையால் சோறு பிசைந்தபடி, திடீர் திடீரென்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவளும் அப்படி ஆகிவிட்டாள். ஷாமிளாவோ மாமாவின் முதுகில் ஓடிவந்து ஏறிக் குதித்தாள். கத்தினாள். கதவை உதைத்துத் திறந்தாள். பிள்ளை இவ்வளவு சத்தம் போடுவாள் என்பதே தர்மிளாவுக்கு மறந்துபோயிருந்தது. அதைப் பார்த்து ஒருநாள் குசினிக்குள் போய் அழுதாள்.

அன்று மத்தியானமே, இருளப்பனிடம் நம்பரை வாங்கி, சியூ லானுக்கு போன் எடுத்தாள். யோகராஜின் மனைவி என்றதும் அந்தப் பக்கம் குரல் உற்சாகமாக வந்தது. "அட, தங்கச்சி! அண்ணன் எங்க, ரெண்டு வாரமா வீடியோவே இல்ல?"

தர்மிளா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்த முகத்தைப் பற்றியும்.

பிறகு சியூ லான் கேட்டாள். "கை இப்ப எப்படி இருக்கு?"

"கட்டுல இருக்கு. நான் கேக்க வந்தது அது இல்ல டீச்சர். அது தானா வர்ற அடியா? தெரியாமப் படுற அடியா? நீங்க சொல்லுங்க, ஒங்களுக்குத்தான் தெரியும்."

"தங்கச்சி, அந்தத் திருப்தி எனக்குத் தெரியும். அடி சரியா விழுந்தா ஒடம்பு சந்தோஷப்படும். யார் மேல விழுந்துச்சுன்னு மூளைக்கு வர்றதுக்கு முன்னாடி அது வந்துரும். அது இருக்கு." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "ஆனா அவரு தெரியாமத்தான் அடிச்சாருன்னு நான் சொல்லமாட்டேன். நான் அங்க இல்ல. எங்க முறையில மொதப் பாதி அடியே கெடையாது. இன்னொரு ஆளோட கையில கைய வைச்சு, அவன் என்னா நெனைக்கிறான்னு தோலால கேக்கணும். அடிக்கவேணாம்னு தெரிஞ்சா அங்கயே நிக்கணும். அது இல்லாம அடிய மட்டும் எடுத்தா கை குருடு. அவரு தனியாத்தான் இருக்காருன்னு தெரிஞ்சும் நான் அடுத்த பாடத்த அனுப்பிக்கிட்டே இருந்தேன்லா. அது என் தப்பு."

"அப்ப நான் யாருகிட்டத்தான் கேக்குறது?"

"அவருகிட்டக் கேட்டியா?"

தர்மிளா கேட்கவில்லை. நர்ஸிடம் அவள் சொன்னாள், சார்ஜன்டிடம் சொன்னாள், அழகம்மாவிடம் சொன்னாள். அவனுக்கு என்ன நடந்தது என்று எல்லாரிடமும் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு பிரதீபனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். வெயில் அடித்தது. யோகராஜ் கோடியில் நின்று, மணல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவர்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் ஸ்டூலைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு நான்தான்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேக்குறாள்ல மச்சான்?" என்றான் பிரதீபன்.

"மொதக் கை தெரியாது" என்றான் யோகராஜ். "சத்தியமாத் தெரியாது. அவனுங்கதான்னு நெனைச்சேன். நெனைக்கக்கூட இல்ல. கை போயிருச்சு." காலால் மணலை ஒதுக்கினான். "ரெண்டாவது கை... துணியில சவுக்காரம் வாசம் வந்துச்சு. அப்ப நீன்னு தெரிஞ்சுருச்சு."

தர்மிளா மாக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சும் கை போச்சு. நிப்பாட்ட முடியலையா, நிப்பாட்ட நெனைக்கலையான்னு நானும் தெனம் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கே தெரியல தர்மி. நல்லா இருந்துச்சு. அந்த ஒரு நேரத்துல மட்டும் எனக்குப் பயமே இல்ல. அதான் சார்ஜன்ட் கிட்ட ஒண்ணும் சொல்லல. நீ எனக்காகச் சொன்னது பாதிப் பொய்."

பிரதீபன் ஒரே எட்டில் போய் அவனைக் கன்னத்தில் அறைந்தான். படகு வலிக்கிற கை. யோகராஜின் தலை திரும்பிப் போய் வந்தது. பிரதீபன் இரண்டாவது முறையும் அறைந்தான். யோகராஜின் இரண்டு கையும் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தன. விரல் மட்டும் ஒருதரம் கூடி, பிறகு விரிந்தது. எழும்பவில்லை.

தர்மிளா அந்தக் கைகளையே பார்த்தாள்.

"அப்ப நிப்பாட்டத் தெரியுது ஒங்களுக்கு" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் சத்தம் போடவில்லை. ஆனால் பிரதீபனே இரண்டடி பின்னால் போனான்.

"ஆம்பிள அடிச்சா நிக்குது. சந்தியில அடிச்சவனுங்க முன்னாடி இன்னும் ஒரு நாளும் எழும்பல. எங்கிட்ட மட்டும் எழும்புச்சு. நான் தாங்குவேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தர்மி..."

"நான் ஒங்கள வெறுக்கல. வெறுத்தா லேசா இருக்கும். ஒங்களுக்கு நடந்தது அநியாயம். அத நான் யாருகிட்டயும் சொல்லுவேன். ஆனா நானும் புள்ளயும் எத்தன மாசமா நம்ம வீட்டுக்குள்ள சத்தம் போட்டுக்கிட்டு நடந்தோம்னு தெரியுமா? நீங்க அத கவனிச்சீங்களா?"

அவன் தலையை ஆட்டினான். கவனித்தேன் என்றா, இல்லை என்றா என்று விளங்கவில்லை. பிறகு, "கவனிச்சேன்" என்றான். "எனக்கு மரியாதையா இருந்துச்சு."

அதைக் கேட்டபிறகு அவளுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஷாமிளாவின் மழைக்கோட்டும் சப்பாத்தும் உள்ளே இருந்தன. எடுத்துக்கொண்டு, லயத்து ஆட்கள் இஸ்தோப்புகளில் நின்று பார்க்க, தம்பியோடு பாதையில் இறங்கினாள். அழகம்மா வாசலில் நின்று ஒன்றும் கேட்காமல் ஒரு பார்சல் சோற்றைத் தர்மிளாவின் இடது கையில் வைத்தாள்.

மாக்கட்டு வெட்டியபோது கை மெலிந்து, தோல் வெளுத்திருந்தது. கொழுந்து எடுக்கிற கை; விரல் கூடி வரவில்லை. தர்மிளா கித்துல்கலையிலேயே ஒரு விடுதியில் துணி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஷாமிளாவை அங்கே பள்ளிக்கூடத்தில் போட்டாள். சியூ லான் இடைக்கிடை போனில் வந்து, கையைப் பழக்க ஒன்று சொல்லிக்கொடுத்தாள். இருவர் முன்கையை முன்கையோடு ஒட்டி வைத்து, அழுத்தாமல், விலகாமல், வட்டமாகச் சுற்றுவது. ஆள் தள்ளினால் வழிவிடவேண்டும், விட்டால் பின்தொடரவேண்டும். ஷாமிளாவோடு வாசலில் நின்று பழகினாள். பிள்ளைக்கு அது விளையாட்டு. தர்மிளாவுக்கு முதல் நாட்களில் வேர்த்துக்கொட்டியது. தொடுகிற கை எதற்குத் தொடுகிறது என்று தெரிந்துகொள்ள எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது என்று பட்டது. வலித்த இடத்திலேயே பலம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

யோகராஜ் ஞாயிறுகளில் பஸ் ஏறி வந்தான். வீட்டுக்குள் வரமாட்டான். பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய கல் ஒன்றில் உட்காருவான். தர்மிளா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள். பிரதீபன் எட்ட நின்று படகுக்குக் காற்று அடிப்பான். யோகராஜ் பழகுவதை விட்டுவிட்டான். தூக்கம் மறுபடி போய்விட்டது என்று அவன் சொல்லாவிட்டாலும் கண்ணில் தெரிந்தது. நல்ல ஆளாகப் பயந்துகொண்டிருந்தான், பயமில்லாதபோது கெட்ட ஆளாக இருந்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது. மனநல கிளினிக் ஒன்று மாதாமாதம் நடப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு தடவை போயிருந்தான். டாக்டரம்மா தமிழ் பேசவில்லை, ஆனாலும் இரண்டு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

ஒருநாள் ஷாமிளா அப்பாவிடம் அந்தக் கை சுற்றுவதைக் காட்டினாள். "அப்பா, நீங்க பழகாத பாதி இது" என்றாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தர்மிளாவைப் பார்த்து, "எனக்கும் சொல்லித்தருவியா?" என்று கேட்டான்.

தர்மிளா அவன் கைகளைப் பார்த்தாள். மணலில் அடித்துக் காய்த்துப்போயிருந்த விரல்நுனிகள் இப்போது உரியத் தொடங்கியிருந்தன.

"இப்ப இல்ல" என்றாள்.

"சரி" என்றான்.

"பதினெட்டாந் தேதி கோர்ட்டுல நான் பேசணும். ஒங்க லோயர், தெரியாமப் பட்டதுன்னு சொல்லச் சொல்றாரு. நான் ரெண்டு கையையும் பத்திச் சொல்லப்போறேன். மொதக் கை தெரியாது, ரெண்டாவது தெரியும்னு. சந்தியில நடந்ததையும் சொல்லப்போறேன். சமிந்த பேரையும் சொல்லுவேன்."

அவன் ஆற்றுப் பக்கம் திரும்பினான். தண்ணீர் இரைச்சலில் அவன் என்ன சொன்னான் என்று முதலில் கேட்கவில்லை. அவள் குனிந்தாள்.

"சமிந்த பேரச் சொன்னா அவனுங்க சும்மா இருக்கமாட்டானுங்க" என்றான். "பரவாயில்ல. சொல்லு. நானும் சொல்றேன்."

அவிசாவளை பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. அவன் எழுந்து, பிள்ளையின் தலையைத் தொட்டுவிட்டு, ரோட்டுக்கு ஏறினான். பஸ்ஸில் கூட்டம். உள்ளே போக இடமில்லாமல் மிதிபலகையில் நின்றான். பின்னால் மூன்று பேர் அவன் முதுகை நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். தர்மிளா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவன் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தான். பஸ் போய்விட்டது.